தலை பார்க்கிற அக்கா

எங்கள் மில்லில் ஓர் அக்கா இருந்தார். காலையில் வேலைக்கு வருகிற பெண்களின் முகத்தை அவர் பார்க்கமாட்டார். தலையைத்தான் பார்ப்பார். எண்ணெய் வைத்து வாரிப் பின்னியிருந்தால் ஒன்றும் பேசாமல் தன் கிழங்கை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முந்தாநாள் போட்ட கொண்டையோடு ஒருத்தி வந்திருந்தால், மத்தியானச் சோற்று நேரத்தில் தன் சாக்கைத் தூக்கிக்கொண்டுபோய் அவளுக்குப் பின்னால் விரிப்பார்.

மில் என்றால் ஜவ்வரிசி மில். கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரி லாரியாக இறங்கும். நாங்கள் முப்பது பெண்கள் கொட்டகையில் இரண்டு வரிசையாகச் சாக்குப் போட்டு உட்கார்ந்து, சின்னக் கத்தியால் தோலைக் கீறி உரித்துப் போடுவோம். உரித்த கிழங்கு அரைபட்டு மாவாகித் தொட்டிக்குப் போகும். அந்த மாவுத் தண்ணீரின் புளித்த வாடை எங்கள் சேலையிலும் முடியிலும் ஏறியிருக்கும். பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் தள்ளி உட்காருவார்கள். இப்போது உரிப்பதற்கு மெஷின் வந்துவிட்டது.

அக்காவின் சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் இரண்டு சீப்பு இருக்கும். ஒன்று பல் அகன்றது, ஒன்று பேன் சீப்பு. சோறு தின்றதும் பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து பேன் பார்ப்பது எங்கும் உள்ளதுதான். அக்கா அதை வேறு மாதிரி செய்தார். முதலில் விரலால் சிக்கைப் பிரிப்பார். இழுக்கமாட்டார். ஒரு சிக்குக்கு அரை நாழி ஆனாலும் நுனியிலிருந்துதான் வருவார். அந்த நேரத்தில் எதுவும் கேட்கமாட்டார். முன்னால் உட்கார்ந்திருப்பவள் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். பிறகு எதிரே இருக்கும் கிழங்குக் குவியலைப் பார்த்துக்கொண்டே தானாகப் பேச ஆரம்பிப்பாள்.

"மூஞ்சிக்கு நேரா கேட்டா நல்லா இருக்கறேன்னுதான் வரும். முதுகுதான் நெசம் பேசும்" என்பார் அக்கா.

கேட்டதை அவர் வெளியில் சொன்னதில்லை. முப்பது பேர் இருக்கிற கொட்டகையில் அது பெரிய விஷயம்.

நாங்கள் எதிரெதிராக உட்கார்ந்து வேலை செய்தவர்கள். அதனால் எனக்குத் தெரியும், எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் முப்பதில் நாலைந்து தலை வாராமல் இருக்கும். ஒருத்திக்குப் புருஷன் குடி. ஒருத்திக்கு நாலாவதும் பெண்ணாகப் பிறந்து, பெற்ற நாளிலிருந்து அவளுக்குப் பிள்ளையைத் தூக்கப் பிடிக்கவில்லை. ஒருத்தியின் கொல்லையில் கிணறு வற்றிவிட்டது. காரணம் இருந்தவர்கள் பரவாயில்லை, அதைச் சொல்லி அழலாம். காரணமே இல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் நம்பவில்லை.

நான் அதில் ஒருத்தி. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், நன்றாகவே இருந்தார்கள். வீட்டுக்காரர் குடிக்கிறவர் இல்லை. மாமியார் கையோங்கியதில்லை. ஆனாலும் ஒரு தை மாதம் முழுக்க, காலையில் கண் விழித்தால் நெஞ்சின் மேல் ஈரச் சாக்கு போட்ட மாதிரி இருந்தது. உலை வைக்கத் தவலையை எடுத்துவிட்டு, எதற்கு எடுத்தோம் என்று நின்றுவிடுவேன். பிள்ளை பக்கத்தில் வந்து பேசினால் பக்கத்து ஊரிலிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். மாமியார் பயந்துபோய் மந்திரிக்க ஒரு பூசாரியைப் பார்த்தார். மலையடிவாரத்தில் கிழங்கு ஏற்றும் இடத்தில் புளியமரத்தின் கீழே நான் ஒருநாள் நின்றேனாம், அங்கே பேய் பிடித்துவிட்டது என்று முடிவாகிவிட்டது.

அக்கா என் வீட்டுக்கு வந்தார். பூசாரியைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் மாமியாரிடம் மரியாதையாகவே சொன்னார்.

"ஓட்டுங்கம்மா, நான் வேணாங்கல. ஓட்டிட்டு காலையில ஏழு மணிக்கு வேலைக்கு அனுப்புங்க."

"அவ வந்து இன்னா செய்யப் போறா? கையில கத்தியே நிக்கல" என்றார் மாமியார்.

"வேல செய்ய வேணாம். வந்து ஒக்காந்துகினு இருக்கட்டும்."

நான் போனேன். அக்கா என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரே ஒரு கிழங்கை எடுத்து என் மடியில் போட்டார். பொழுது சாய்வதற்குள் இதை உரி, போதும் என்றார். எனக்கு அது ஒன்றே பெரிதாக இருந்தது. மறுநாள் இரண்டு கிழங்கு. மேஸ்திரி என் கூடையைப் பார்த்து முறைத்தபோது அக்கா தன் குவியலிலிருந்து ஒரு கை அள்ளி என் கூடையில் போட்டுவிட்டு, இப்போது சரியா என்று அவரைக் கேட்டார். மத்தியானத்தில் என் தலையை எடுத்துக்கொள்வார். நான் பேசவே இல்லை. எனக்கு எப்போதும் பேச்சு கம்மி. அவரும் பேசவில்லை. பதினைந்து இருபது நாள் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம், ஊறுகாய் உப்பாக இருக்கிறது என்று சொன்னேன். அக்கா சீப்பை நிறுத்தி, "உப்பு தெரியுதா உனக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த வருஷம் மாசி முடிவதற்குள் நான் மனுஷியாகிவிட்டேன்.

பூசாரிதான் குணமாக்கினார் என்று மாமியார் கடைசிவரை நம்பினார். அக்கா அதை மறுக்கவே இல்லை.

அக்காவைப் பற்றி மில்லில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு விஷயம், அவருடைய பக்தி. நான் அங்கே வேலை செய்த வருஷங்களில் அவர் ஆறு முறை மொட்டை போட்டுக்கொண்டார். ஒருமுறை திருப்பதி, ஒருமுறை ஊர் மாரியம்மன், மற்றதெல்லாம் மலையடிவாரத்தில் அணைக்கட்டுப் பக்கம் இருக்கும் அவர்களுடைய குலதெய்வத்துக்கு. எங்கள் பக்கம் பெண்கள் வேண்டுதலுக்கு முடி கொடுப்பது வழக்கம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் கொடுப்பார்கள், கேஸ் ஜெயித்தால் கொடுப்பார்கள். ஆனால் ஆயுசுக்கு ஒன்றோ இரண்டோ. இவர் முடி தோளைத் தொடுவதற்குள் அடுத்ததற்குக் கிளம்பிவிடுவார். என்ன வேண்டுதல் என்று கேட்டால், சொன்னால் பலிக்காது என்பார். அது சரிதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

மொட்டை போடுவதற்கு முந்தின ஒரு வாரம் பத்து நாள் அவர் வேலைக்கு வரமாட்டார். விரதம் என்று நினைத்தோம். சாப்பிடுவதில்லையாம், யாரோடும் பேசுவதில்லையாம், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாராம் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்வாள். என்ன ஒரு கடுமையான விரதம் என்று பேசிக்கொள்வோம். மொட்டையோடு திரும்பி வரும்போது சிலர் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். மில்காரர் வீட்டம்மா ஒருமுறை மஞ்சள் சேலை எடுத்துக் கொடுத்தார். ஊரில் யாருக்காவது கஷ்டம் என்றால், உன் வேண்டுதலில் எங்களையும் சேர்த்துக்கொள் என்று கற்பூரப் பொட்டலம் கொடுத்து அனுப்புவார்கள்.

ஆறாவது மொட்டைக்கு நான் துணைக்குப் போனேன். வழக்கமாக அவர் வீட்டுக்காரர் கூடப் போவார். அந்தச் சமயம் அவர் கரும்பு வெட்டும் ஆட்களோடு வேறு பக்கம் போயிருந்தார். எங்கள் கொட்டகையில் வாய் ஜாஸ்தியான ஒருத்தி உண்டு. அவள்தான் என்னைத் தேர்ந்தெடுத்தாள்.

"நீயே போடி. சாமி காரியத்துக்கு வாயத் தொறக்காதவதான் லாயக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆளுக்கொரு கற்பூரப் பொட்டலம் என் பையில் போட்டார்கள். ஒருத்தி மொட்டைத் தலைக்கு என்று சந்தனம் அரைத்து இலையில் மடித்துக் கொடுத்தாள்.

நானும் அக்காவும் காலையில் முதல் டவுன் பஸ்ஸில் போனோம். அக்கா பத்து நாளில் பாதி ஆளாகியிருந்தார். குலதெய்வக் கோயில் சின்னது. பக்கத்தில் தண்ணீர்க் குழாயும் ஒரு கல்லும். நாவிதர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, வாங்கம்மா, இந்த வருஷம் சீக்கிரம் வந்துட்டீங்க என்றார். அக்காவின் முடி ஒரு பக்கம் முழுக்கச் சடையாகி இறுகியிருந்தது. எங்களுக்கெல்லாம் நுனியிலிருந்து சிக்கெடுத்தவரின் முடி. நாவிதர் தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் கத்தியை ஓட்ட முடிந்தது.

மழித்து முடிந்ததும் அக்கா குழாயில் தலையைக் கழுவினார். நான் கற்பூரப் பொட்டலங்களைக் கையில் எடுத்துக்கொண்டு கோயில் வாசலைப் பார்த்து நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா வரவில்லை. எதிர்ப்பக்கம் நடந்துபோய் பஸ் நிற்கிற இடத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

ஓடிப்போய், சாமி கும்பிடவில்லையா அக்கா என்று கேட்டேன்.

"நீ போய் கும்பிட்டுகினு வா" என்றார்.

"வேண்டுதல் உங்களுதாச்சே அக்கா."

அவர் முந்தானையால் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டார். மற்ற தடவைகளில் அந்தக் கற்பூரங்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பூ விற்கிற பெண்ணிடம் கொடுத்துவிடுவேன், அவள் கொளுத்திவிடுவாள் என்றார்.

சாமியிடம் பொய் சொன்ன ஒரு பெண்ணோடு வந்திருக்கிறேனே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதுதான் உண்மை. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், கையில் சந்தனம் இருந்ததால் அவருக்குப் பின்னால் நின்று தலையில் தடவ ஆரம்பித்தேன். அங்கங்கே கத்தி கீறியிருந்தது. அந்த இடங்களைத் தொடாமல் மெதுவாகத் தடவினேன். சந்தனம் குளிர்ச்சி. அக்காவின் தோள் இறங்கியது. அணைக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தார்.

"கையத் தூக்க முடியல பொண்ணே. சீப்ப எடுத்து இந்தக் காதுகிட்டேர்ந்து தோளு வரைக்கும் இழுக்கறதுக்குள்ள மலை ஏறுற மாதிரி இருக்குது. நாலு நாள் வாரலன்னா சிக்கு. சிக்கு வுழுந்தா ஊரு கேக்கும், இன்னாச்சி உனக்குன்னு. இன்னாச்சின்னு எனக்கே தெரியாதப்ப இன்னான்னு சொல்றது? மொட்ட அடிச்சிக்கினா யாரும் கேக்கறதில்ல. கும்புட்றாங்க."

எங்கள் முப்பது பேருக்கும் வாரினீர்களே என்றேன்.

"உங்க தலைக்குக் கை போவுது. எந்தலைக்குப் போவல. அது இன்னா கணக்குன்னு எனக்கும் புரியல."

கொஞ்ச நேரம் கழித்து, காலையில் கண் விழிக்கவே வேண்டாம் என்று இருக்கிறது என்றார். அழவில்லை. இன்றைக்குக் கிழங்கு லாரி வரவில்லை என்று சொல்வது போல் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மொட்டைத் தலையில் யாரும் பேன் பார்ப்பதில்லை. இத்தனை வருஷத்தில் ஒருத்தியும் அவருக்குப் பின்னால் உட்காரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் படுத்துக்கிடந்ததைக் கேட்டும் விரதம் என்றோம். என்னை ஒரு புளியமரத்தடியில் பிடித்ததாகச் சொன்னவர்கள், அவரைச் சாமி பிடித்ததாக வைத்துக்கொண்டார்கள். நானும்தான் வைத்துக்கொண்டேன்.

என் நாத்தனார் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெருக்குகிற வேலை பார்த்தாள். வியாழக்கிழமை தோறும் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் வருவதாக அவள் சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் அவருக்குப் பைத்தியக்கார டாக்டர் என்று பெயர். அதனால் ஒருவரும் போவதில்லை. அந்த வியாழக்கிழமை அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கக்கூட இல்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதுவரை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளோடு பேசியதே இல்லை. ரேஷன் கடைக்குக்கூட என் வீட்டுக்காரர்தான் போவார். வேறு வழி இல்லாமல் நான்தான் சொன்னேன். நாள் கணக்கு தெரியாது, மொட்டைக் கணக்கு தெரியும் என்றேன். முதல் மொட்டை என் சின்னப் பெண் பிறந்த வருஷம், இரண்டாவது அணை நிரம்பி வழிந்த வருஷம், மூன்றாவது மில்லில் தொட்டி இடிந்த வருஷம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார்.

செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று அவர் அக்காவை நேராகவே கேட்டார். நான் திடுக்கிட்டேன். கேட்டால் புதிதாகத் தோன்றிவிடாதா? ஆனால் அக்கா தலையை அசைத்தார், ஆமாம் என்று. அப்புறம்தான் அவர் முதல் தடவையாக டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

"இது நோவும்மா. சுகர் மாதிரி, பிரஷர் மாதிரி. எல்லா ஊர்லயும் நெறைய பேருக்கு இருக்குது. வெளிய சொல்றதில்ல" என்றார் டாக்டர். மாத்திரை வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது, தனியாகப் படுத்துக்கொள்ளக் கூடாது, முடிந்த வேலையைக் கொஞ்சமாவது செய்ய வேண்டும் என்றார். கடைசியில் சொன்னது அக்காவுக்குத் தெரியாத விஷயமா என்ன.

வியாழன் தோறும் போனோம், பிறகு மாதம் ஒருமுறை. முதல் மாதம் தூக்கமும் வாய் உலர்வதும்தான் தெரிந்தது. இரண்டாவது மாதம் கேழ்வரகுக் களிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். முடி வளர்ந்தது. அவர் வாரிக்கொண்டார். ஒரு வருஷம் ஆயிற்று, ஒன்றரை வருஷம் ஆயிற்று. அக்கா மொட்டை போடவில்லை.

அதுதான் ஊருக்குப் பிடிக்கவில்லை. பக்தி போய்விட்டது என்று ஆரம்பித்தார்கள். காலைத் தொட்டவர்கள் கண்டும் காணாமல் போனார்கள். அந்த வருஷம் மழையும் ஏய்த்தது. அது பொதுவான மழைதான், ஜில்லா முழுக்க ஏய்த்தது. ஆனாலும் கொட்டகையில் அந்த வாய் ஜாஸ்திக்காரி, கிழங்கை உரித்துக்கொண்டே யாருக்கோ சொல்வது போல் சொன்னாள்.

"குடுத்துகினு இருந்தவங்க திடீர்னு நிறுத்தினா சாமி சும்மா இருக்குமா? ஒருத்தங்க செய்யறது ஊருக்கே வருது."

அடுத்த முறை ஆஸ்பத்திரி போகிற நாளில் நான் அக்காவைக் கூப்பிடப் போனபோது, வேலை இருக்கிறது, நீ போ என்றார். மாத்திரை தீர்ந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அதற்கடுத்த வாரம் அவர் தலையை நான் பார்த்தேன். முந்தாநாள் போட்ட கொண்டை. வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயிலுக்குப் போகலாம் என்று இருக்கிறேன் என்று கொட்டகையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். உடனே நாலு பேர் முகம் மலர்ந்தது. நல்லதுக்கா, கற்பூரம் தருகிறோம் என்றார்கள்.

அந்தக் கண்ணை, அன்றைக்கு அவர் பஸ் நிற்கிற இடத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது நான் பார்த்திருக்கிறேன். இந்த முறை போனால் அவர் திரும்பிவந்து மாத்திரை தின்னப் போவதில்லை. விட்டால் ஆள் கிடைக்கமாட்டார்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

"எனக்குப் பேய் புடிக்கல" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. நான் பேசியதே அவர்களுக்கு அதிசயம். ஒருத்தி சிரித்தாள்.

"அன்னிக்கி தை மாசம் எனக்குப் புடிச்சது பேய் இல்ல. நோவு. டாக்டர் சொல்றாரு, அதுக்கு மாத்திரை இருக்குது. மனசுல வர நோவு. நெறைய பேருக்கு இருக்குதாம். அக்காவுக்கும் அதான். நாமதான் வெரதம்னுகினு இருந்தோம்."

சொல்லிவிட்டேனே தவிர, அக்காவின் பக்கம் பார்க்கத் தைரியமில்லை. அவர் யாருக்கும் சொல்லாததை நான் முப்பது பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன். கத்திகள் நின்றுவிட்டன.

அக்கா கையிலிருந்த கிழங்கை முழுக்க உரித்து முடித்தார். கூடையில் போட்டார்.

"அவ சொல்றது நெசம்தான்" என்றார். "ஒரு தடவகூட நான் உள்ள போயி கும்புட்டதில்ல."

வாய் ஜாஸ்திக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அடுத்த கிழங்கை எடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அக்கா என்னோடு வந்தார். கோபமா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். கொஞ்ச தூரம் போய், வியாழக்கிழமை எத்தனை மணி பஸ் என்று கேட்டார்.

அந்த வியாழக்கிழமை நாங்கள் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறியபோது எங்கள் கொட்டகைப் பெண்கள் மூன்று பேர் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் மூன்று சீட்டில், ஒருத்தியை ஒருத்தி தெரியாதவர்கள் மாதிரி. ஒருத்தி தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாவது வாய் ஜாஸ்திக்காரி. எவர்சில்வர் குடம் வாங்கப் போகிறேன் என்று நாங்கள் கேட்காமலே சொன்னாள்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. நானும் அக்காவும் இறங்கினோம். பின்னாலேயே மூன்று பேரும் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது. ஐந்து பேரும் ரோட்டோரம் நின்றோம்.

"பாத்திரக் கடை பஸ் ஸ்டாண்டாண்ட இருக்குதுடி" என்றார் அக்கா.

"தெரியும், நடங்க" என்றாள் அவள்.